புளூபெல் காடுகளைத் தேடி: ஓர் இளவேனில் நாட்குறிப்பு

வியாழன், வான்ஸ்டெட் பூங்கா

கிழக்கு லண்டனின் மேனர் பார்க் முருகன் கோயிலிலிருந்து வடக்கு நோக்கி அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக நடந்தால், புளூபெல் என்ற நீல மணிப்பூ தரையெங்கும் பூக்கும் நல்லதொரு காட்டுக்குள் நுழைந்துவிடலாம் என்பதை இந்த முறைதான் அறிந்தேன். வான்ஸ்டெட் பூங்காவுக்குள், டெம்பிள் என்று அழைக்கப்படும் பழைய கட்டடத்துக்கு அருகில் இருக்கும் ஷாலே வுட் என்ற சிறு காடு அது. எப்பிங் காட்டின் தென்பகுதியைச் சேர்ந்த இந்தப் பூங்காவை லண்டன் மாநகரக் கழகம் பராமரிக்கிறது. துண்டு துண்டாக வேலியிடப்பட்டுக் கைமாறிக்கொண்டிருந்த எப்பிங் காட்டை 1878ஆம் ஆண்டுச் சட்டம் காப்பாற்றியது; வான்ஸ்டெட் பூங்கா 1882இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

ஈஸ்ட் ஹாமில் அக்கா மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். "ஒரு பூவைப் பாக்கவா சித்தி இவ்வளவு தூரம் வந்தீங்க? நம்ம ஊர்ல இல்லாத பூவா?" என்று நேற்று இரவு கேட்டவள், இன்று காலை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு என்னோடு கிளம்பிவிட்டாள். காட்டின் விளிம்பை எட்டியதும், "இது இங்கேயே இருந்துச்சா?" என்பதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

ஏப்ரல் கடைசி வாரம் என்பதால் ஓக் மரங்களில் இலை இப்போதுதான் மஞ்சள் கலந்த பச்சையில் விரியத் தொடங்கியிருக்கிறது. அந்த அரைகுறைக் கூரையின் வழியாக வெயில் தரைவரை இறங்குகிறது. இறங்கிய இடமெல்லாம் நீலமாக இருக்கிறது. நீலம் என்று எழுதினாலும் கத்தரிப்பூ நிறத்தின் சாயல் அதில் உண்டு. நிழலில் நீலம் கூடுகிறது, வெயிலில் ஊதா கூடுகிறது. கைப்பேசிக் கேமராவோ எல்லாவற்றையும் ஒரே ஊதாவாக்கிவிடுகிறது. ஆகவே இணையத்தில் காணும் படங்களை வைத்து இந்தப் பூவின் நிறத்தை முடிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கம்பளம் விரித்தாற்போன்ற காட்சியைப் பலர் எழுதிவிட்டார்கள். தாவரவியல் கற்பித்தவள் என்ற முறையில் எனக்கு ஒற்றைச் செடியைப் பார்ப்பதில்தான் ஆர்வம். பாதை ஓரத்தில் குந்தி அமர்ந்து ஒன்றைப் பார்த்தேன். அடியிலிருந்து நான்கைந்து நீண்ட இலைகள். பளபளப்பானவை, ஒரு விரலின் அகலம்கூட இல்லாதவை. நடுவிலிருந்து ஒரு தண்டு முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக எழும்பி, நுனியில் ஒரு பக்கமாக வளைந்து தொங்குகிறது. பூக்கள் எல்லாமே அந்த வளைந்த பக்கத்தில்தான் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொரு பூவும் குறுகிய குழாய் போன்று நேராக இறங்கி, ஆறு இதழ்களின் நுனி மட்டும் பின்னோக்கிச் சுருண்டிருக்கிறது. உள்ளே மகரந்தப் பைகள் பாலேடு நிறம். குனிந்து முகர்ந்தால் மெல்லிய இனிப்பு வாசனை வருகிறது. இந்த ஐந்தாறு அடையாளங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை லண்டனின் க்யூ தாவரவியல் தோட்டத்தில் இவை தேவைப்படும்.

ஷாலே வுட்டில் நான் மிகவும் மதித்தது பூவை அல்ல, பாதையை. தன்னார்வலர்கள் விழுந்த மரக்கிளைகளைப் பாதையின் இருபுறமும் தொடர்ச்சியாக அடுக்கிவைத்திருக்கிறார்கள். சுவரும் இல்லை, கம்பியும் இல்லை. அந்தக் கிளைகளைத் தாண்டிக் காலை வைக்க ஒருவருக்குத் தயக்கம் வர வேண்டும், அவ்வளவுதான். மிதிபட்ட புளூபெல் இலை மறுபடி நிமிர்வதில்லை. இலை போனால் அந்த ஆண்டுக்கான உணவைக் கிழங்கில் சேமிக்க வழியில்லாமல் போகிறது. அடுத்த ஆண்டு செடி இளைத்து வருகிறது அல்லது வராமலே போகிறது. ஒருவர் படம் எடுக்க நான்கு அடி உள்ளே போனால், அடுத்தவர் அதையே பாதையாக எடுத்துக்கொள்கிறார். அவ்வாறு உண்டான வழுக்கைத் தடங்கள் சில இங்கும் தெரிகின்றன. அவை மறுபடி நீலமாகப் பல ஆண்டுகள் ஆகும்.

சனி, க்யூ தோட்டம்

க்யூ தோட்டத்துக்கு வருகிறவர்கள் கண்ணாடி மாளிகைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தென்மேற்கு மூலையில் ராணி சார்லட்டின் குடில் என்ற கூரை வேய்ந்த வீட்டைச் சுற்றி இருக்கும் காட்டுப் பகுதிக்கு வருகிறவர்கள் குறைவு. விக்டோரியா ராணி 1898இல் இந்தக் குடிலையும் அதைச் சூழ்ந்த 37 ஏக்கர் நிலத்தையும் தோட்டத்துக்கு அளித்தபோது, அந்த நிலம் இயற்கையான நிலையிலேயே இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். உலகெங்கிலுமிருந்து செடிகளைக் கொண்டுவந்து வரிசையாக நட்ட ஒரு தோட்டத்தின் நடுவில், யாரும் நடாத பூ இன்று பெருங்கூட்டமாகப் பூத்திருப்பதற்கு அந்த நிபந்தனையும் ஒரு காரணம்.

நான் இங்கே வந்தது இன்னொன்றைச் சரிபார்க்க. க்யூவிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும் தெருக்களில், வீட்டு முன்தோட்டங்களில், நீல மணிப்பூக்கள் ஏராளம். பார்த்ததும் புளூபெல் என்றுதான் தோன்றும். ஆனால் அவற்றின் தண்டு வளையாமல் விறைப்பாக நிற்கிறது, பூக்கள் தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருக்கின்றன, மணியின் வாய் அகலமாக விரிந்திருக்கிறது, இலை அந்தக் காட்டுச் செடியின் இலையைப் போல் இரண்டு மூன்று மடங்கு அகலம், மகரந்தம் நீலம், வாசனை இல்லை என்றே சொல்லலாம். இது ஸ்பானிய புளூபெல். ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து 17ஆம் நூற்றாண்டில் தோட்டச் செடியாக வந்தது. 1909இல் தோட்டத்துக்கு வெளியே வளர்வது பதிவாகியது. எந்த மண்ணிலும் வளரும், வெயிலைத் தாங்கும் என்பதால் தோட்டக்காரர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

சிக்கல் எங்கே என்றால், இரண்டும் எளிதாகக் கலக்கின்றன; அவ்வாறு பிறக்கும் கலப்புச் செடி மேலும் கலக்கிறது. தேனீயும் வண்டுத்தேனீயும் தோட்ட வேலியை மதிப்பதில்லை. தோட்டக் குப்பையைக் காட்டோரம் கொட்டுகிறவர்கள் கிழங்கையே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். பிளான்ட்லைஃப் என்ற காட்டுச்செடிகள் காப்பு அமைப்பு 2003இல் நடத்திய கணக்கெடுப்பில், பார்வையிட்ட அகன்ற இலைக் காடுகளில் ஆறில் ஒன்றில் ஸ்பானியச் செடியோ கலப்புச் செடியோ காணப்பட்டது.

இதைக் கேட்டவுடன் பூர்விகப் பூ அழிந்துபோகும் என்று எழுதிவிடும் வழக்கம் பத்திரிகைகளுக்கு உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள் இரண்டையும் அருகருகே வளர்த்துப் பார்த்தபோது, பூர்விகச் செடியே கூடுதல் விதை பிடிக்கும் வளமுடையதாக இருந்தது. மேலும் காடுகளுக்குள் பூர்விகச் செடிகளின் எண்ணிக்கை அவ்வளவு பெரியது. வந்தேறியின் மகரந்தம் அதற்குள் கரைந்துபோகும் வாய்ப்பே அதிகம். ஊரின் விளிம்பில் இருக்கும் சிறிய காடுகளின் நிலை வேறு. வான்ஸ்டெட் போன்ற இடங்களில்தான் விழிப்பு தேவை.

பூர்விக புளூபெல்லின் அறிவியல் பெயர் ஹயசிந்தாய்டஸ் நான்-ஸ்கிரிப்டா (Hyacinthoides non-scripta). அதன் பின்பாதிக்கு 'எழுதப்படாதது' என்று பொருள். கிரேக்கக் கதையில் வரும் ஹயசிந்த் பூவின் இதழில் துயரக் குரல் ஒன்று எழுத்தாகப் பதிந்திருக்குமாம். இதில் அப்படி எதுவும் இல்லை என்பதால் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் அவ்வாறு பெயரிட்டார். முன்பாதி அதற்குப் பிறகு பலமுறை மாறிவிட்டது. பின்பாதி மட்டும் நிலைத்திருக்கிறது.

திங்கள், ஆஷ்ரிட்ஜ்

யூஸ்டன் நிலையத்திலிருந்து டிரிங் வரை ரயில். அங்கிருந்து சில்டர்ன் குன்றுகளின் மேல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தால் ரிங்ஷால் கிராமத்தை ஒட்டிய டாக்கி வுட். நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியக் காப்பு அமைப்பு பராமரிக்கும் ஆஷ்ரிட்ஜ் எஸ்டேட்டின் ஒரு மூலை இது. பூக்காலத்தில் கூட்டம் மிகுந்த நாள்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள்; பாதைகளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். காட்டுக்குள் நடக்கக் கட்டணமா என்று முணுமுணுத்தவர்களைப் பார்த்தேன். வார இறுதியில் இங்கே வரும் கால்களின் எண்ணிக்கையைக் கருதினால் கட்டணம் நியாயமே என்பது என் எண்ணம். வார நாளில் வந்தால் அமைதியாகப் பார்க்கலாம்.

டாக்கி வுட்டில் பெரும்பாலும் பீச் மரங்கள். வழுவழுப்பான சாம்பல் நிறத் தண்டுகள் நேராக எழும்புகின்றன. இடையில் புதர் அநேகமாக இல்லை. அதனால் நீலம் தடையின்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஓடுகிறது. படங்களில் நாம் காணும் புளூபெல் காடு பெரும்பாலும் இந்த வகைதான். பீச் மரத்தின் நிழல் மிகக் கடுமையானது. மே மாத நடுவில் இலைகள் முழுமையாக விரிந்துவிட்டால், தரைக்கு வரும் ஒளி பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்த இருட்டில் கோடையில் வேறு செடி எதுவும் தழைப்பதில்லை, புளூபெல்லும் தழைப்பதில்லை. ஆனால் இருட்டு வருவதற்குள் அது தன் ஆண்டு வேலையை முடித்துவிடுகிறது. அதுதான் இந்தப் பூவின் சூட்சுமம்.

அதன் ஆண்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இலையுதிர் காலத்தில், எல்லாம் ஓய்வுக்குப் போகும்போது, மண்ணுக்கடியில் கிழங்கிலிருந்து புதிய வேர் கிளம்புகிறது. பூவின் கரு அதற்கு முந்தைய கோடையிலேயே கிழங்கினுள் உருவாகிவிட்டிருக்கிறது. குளிர்காலம் முழுவதும் முளை மண்ணுக்குள் மெல்ல மேலேறி, ஜனவரி, பிப்ரவரியில் இலை நுனியை வெளியே நீட்டுகிறது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் மரங்கள் மொட்டையாக நிற்கும்போது கிடைக்கிற வெயில் முழுவதையும் இலைகள் வாங்கிக்கொள்கின்றன. ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை பூ. ஜூனில் இலைகள் பழுத்துச் சாய்கின்றன. சேர்த்த உணவெல்லாம் புதிய கிழங்காக ஆகிறது. புளூபெல் கிழங்கு ஆண்டுதோறும் தன்னைத்தானே முழுமையாகப் புதுப்பித்துக்கொள்ளும். பழையதன் சதை பூவுக்குச் செலவாகிவிட, அதனிடத்தில் இந்த ஆண்டின் கிழங்கு வந்து அமர்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு ஈரமான, கடுங்குளிர் இல்லாத குளிர்காலம் தேவை. அட்லாண்டிக் பெருங்கடலின் கரையோர நாடுகளில் மட்டுமே அது கிடைக்கிறது. ஸ்பெயினின் வடமேற்கிலிருந்து பிரான்ஸ், பெல்ஜியம் வழியாக பிரிட்டன், அயர்லாந்துவரை இந்தப் பூ இருக்கிறது. கிழக்கே போகப் போக மறைந்துவிடுகிறது. உலகின் புளூபெல்களில் ஏறத்தாழ பாதி பிரிட்டனில் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸுக்குத் தெற்கே உள்ள ஹாலர்போஸ் காடும் பெயர்பெற்றது. முதல் உலகப் போரில் அதன் மரங்களில் பெரும்பகுதி வெட்டப்பட்டு, பிறகு புதிதாக நடப்பட்டது. மரங்கள் போனபோதும் தரைக்கடியில் கிழங்குகள் தங்கிவிட்டன.

இப்போதைய கவலை, காலக் கணக்கு பற்றியது. நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் இளவேனிலின் அறிகுறிகளை ஆண்டுதோறும் குறித்துவைக்கத் தொடங்கினார். அந்த மரபில் இன்று உட்லண்ட் டிரஸ்ட் என்ற காடுகள் காப்பு அமைப்பு பொதுமக்களிடமிருந்து இலை விரியும் நாள், பூக்கும் நாள் ஆகியவற்றைத் திரட்டுகிறது. வெப்பம் கூடக் கூட மரங்கள் முன்னதாக இலை விடுகின்றன. பூவும் முன்னதாக வருகிறது. மரம் முந்தும் அளவுக்குப் பூவும் முந்தினால் சிக்கல் இல்லை. முந்த முடியாவிட்டால் வெயிலுக்கும் நிழலுக்கும் இடையிலுள்ள அந்தச் சில வாரங்கள் குறுகிவிடும்.

திரும்பும் வழியில் மான் கூட்டம் ஒன்று பாதையைக் கடந்தது. ஆஷ்ரிட்ஜில் ஃபாலோ மான்கள் நிறைய. ஆனால் புளூபெல்லுக்கு அதிகத் தொல்லை தருவது, நாயளவே உள்ள முண்ட்ஜாக் என்ற சீன மான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வோபர்ன் பண்ணை மாளிகையைச் சுற்றிப் பரவியதாகச் சொல்லப்படும் இந்த மான் இலையையும் பூந்தண்டையும் கடித்துவிடுகிறது. கேம்பிரிட்ஜ்ஷயரின் மங்க்ஸ் வுட்டில் அதனால் புளூபெல் வெகுவாகக் குறைந்தது.

புதன், ஆர்லிங்டன், கிழக்கு சசெக்ஸ்

லண்டன் விக்டோரியாவிலிருந்து போல்கேட் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பிறகு வாடகை வண்டி. பேட்ஸ் கிரீன் என்ற பண்ணையின் சொந்தக் காடான பீட்டன்ஸ் வுட்டை 1972 முதல் ஆண்டுதோறும் பூக்காலத்தில் மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். நுழைவுப் பணத்தில் அறக்கொடை அமைப்புகளுக்குப் பங்கு உண்டு. தேநீரும் கேக்கும் கிடைக்கும். கேக் நன்றாக இருந்தது.

பார்த்த காடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அங்கங்கே உயரமான ஓக் மரங்கள். அவற்றின் கீழே ஹார்ன்பீம் மரங்கள் தரையோடு தரையாக வெட்டப்பட்டு, அடிக்கட்டையிலிருந்து பத்துப் பன்னிரண்டு தடிகளாகத் தழைத்து நிற்கின்றன. கரும்பில் மறுதாம்பு விடுகிறோமே, அதே முறைதான். அங்கே ஆண்டுக் கணக்கு, இங்கே பல ஆண்டுகளுக்கு ஒருமுறை. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியை வெட்டி, பத்து முதல் இருபது ஆண்டுகளில் மறுபடி முதல் பகுதிக்கு வருவார்கள். சசெக்ஸின் வீல்டு பகுதியில் ஒரு காலத்தில் இரும்பு உருக்கும் உலைகள் நிறைந்திருந்தன. அவற்றுக்கு வேண்டிய கரியை இந்தத் தடிகள்தான் தந்தன. உலை இருந்ததனால் காடு அழிந்தது என்று நாம் எளிதாக நினைத்துவிடுவோம். உலைக்கு ஆண்டுதோறும் கரி வேண்டியிருந்ததனாலேயே பல காடுகள் வயலாக்கப்படாமல் தப்பின.

வெட்டிய பகுதிக்குள் வெயில் கொட்டுகிறது. அடுத்த இரண்டு மூன்று இளவேனில்களில் பூ பெருகுகிறது. தடிகள் வளர்ந்து நிழல் மூடியதும் பூ குறைகிறது, ஆனால் போய்விடுவதில்லை. வெயில் நிழல், வெயில் நிழல் என்று பல நூற்றாண்டு மாறி மாறி நடந்த தாளத்துக்குப் பழகிய செடி இது. இரும்புத் தொழில் இடம் மாறி, கரிக்கு விலை போன பிறகு வெட்டுவது நின்ற காடுகளில் நிழல் ஒரேயடியாக மூடிவிட்டது. இப்போது காப்பு அமைப்புகள் பணம் செலவழித்துப் பழைய முறையில் வெட்டிவருகின்றன. மரம் வெட்டுவதைக் காப்பு வேலை என்று என் மாணவிகளிடம் விளக்க வேண்டி வந்தால், முதல் உதாரணமாக பீட்டன்ஸ் வுட்டைத்தான் சொல்வேன்.

புளூபெல்லுக்கு முன்னதாகப் பூக்கும் வெள்ளை அனிமோன்கள் ஓடை ஓரத்தில் இன்னும் மிச்சமிருந்தன. இரண்டும் சேர்ந்து இருப்பது ஓர் அடையாளம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1600ஆம் ஆண்டிலிருந்தும், ஸ்காட்லாந்தில் 1750இலிருந்தும் இடைவிடாமல் காடாகவே இருந்துவரும் நிலத்தைத் தொன்மையான காடு என்று வகைப்படுத்துகிறார்கள். பழைய வரைபடம் இல்லாத இடத்தில் இப்படிப்பட்ட செடிகளின் கூட்டத்தை வைத்துத்தான் காட்டின் வயதை ஊகிக்கிறார்கள். காரணம் எளிமையானது: புளூபெல் விரைவாக எங்கும் போகாது. அதன் விதையைக் காற்றும் தூக்கிச் செல்வதில்லை, எறும்பும் விரும்பி எடுத்துச் செல்வதில்லை. கோடையில் காய்ந்த தண்டு சாய்ந்து, கருப்பு விதைகள் தாயின் காலடியிலேயே உதிர்கின்றன. கோடையின் வெப்பமும் பிறகு இலையுதிர் காலக் குளிர்ச்சியும் பட்ட பின்னரே முளைக்கும். முதல் ஆண்டு ஒற்றை நூலிலை. பூ வர ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாது. ஒரு தலைமுறைக்குச் சில அடிகள் நகரும் செடி ஒரு காடு முழுக்க நிறைந்திருந்தால், அந்தக் காடு எவ்வளவு காலமாக உழப்படாமல் இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வெள்ளி, மழை

காலையிலிருந்து மழை. வீட்டில் இருந்து குறிப்புகளைச் சரிசெய்கிறேன்.

அக்கா மகள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "அந்தக் கிழங்கும் இப்படித்தான் இருக்குமா சித்தி? ஒண்ணு தோண்டிட்டு வந்திருக்கலாமே." கூடாது. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் பிடுங்குவது குற்றம். 1998 முதல், காட்டிலிருந்து எடுத்த புளூபெல் கிழங்கையோ விதையையோ நில உரிமையாளரேகூட விற்க முடியாது. லாரி லாரியாகத் தோண்டி விற்ற காலம் இருந்ததனால் வந்த தடை அது.

தோண்ட நினைத்தாலும் எளிதில் கிடைக்காது. விதை மேல்மண்ணில் முளைக்கிறது. வளர்ந்த கிழங்கோ ஒரு சாண் அளவுக்கு ஆழத்தில் கிடக்கிறது. கிழங்கின் அடியிலிருந்து கிளம்பும் சில தடித்த வேர்கள் மண்ணைப் பற்றிக்கொண்டு பிறகு சுருங்குகின்றன. சுருங்கும்போது கிழங்கைக் கீழே இழுக்கின்றன. ஆண்டுக்கு ஆண்டு அது இறங்கிக்கொண்டே போகிறது. ஆழத்தில் உறைபனியும் வறட்சியும் எட்டுவதில்லை. ஆனால் அங்கே உணவு குறைவு. சாதாரணச் செடிகளுக்கு இருக்கும் வேர்த்தூவிகள் புளூபெல் வேரில் இல்லை. யார்க் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிவெதரும் அலஸ்டர் ஃபிட்டரும் 1990களில் செய்த ஆய்வுகள், வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சைகளே மண்ணிலிருந்து பாஸ்பரஸைத் திரட்டித் தருகின்றன, அவை இல்லாமல் செடி தேற முடியாது என்று காட்டின. காட்டு மண் பல நூற்றாண்டு கலைக்கப்படாமல் இருப்பதன் பொருள் கிழங்கு பிழைத்திருக்கிறது என்பது மட்டுமல்ல. இந்தப் பூஞ்சையின் வலையும் பிழைத்திருக்கிறது.

இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு ஓர் உறவுமுறை சொல்லலாம். தென்மாவட்டங்களின் மணற்பாங்கான மேடுகளிலும் செம்மண் தேரிகளிலும் நரிவெங்காயம் வளர்கிறது. அதுவும் புளூபெல்லும் ஒரே தாவரக் குடும்பத்தின் ஒரே கிளையைச் சேர்ந்தவை. தண்ணீர்விட்டான் கிழங்கு அக்குடும்பத்தின் சற்றுத் தூரத்து உறவு. நரிவெங்காயத்தைப் போலவே புளூபெல்லும் இதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருள்களைக் கொண்டது. ஆடு மாடு தின்றால் ஆபத்து. கிழங்கின் பிசுபிசுப்பான சாற்றை இங்கே பழங்காலத்தில் அம்பின் இறகை ஒட்டவும் புத்தகக் கட்டுக்கும் பயன்படுத்தினார்கள். முதலாம் எலிசபெத் ராணி காலத்துக் கழுத்துப்பட்டைகளுக்குக் கஞ்சியாகவும் போட்டார்கள்.

கிழங்கு என்பதே கெட்ட காலத்தைக் கடக்கச் செடி கண்டுபிடித்த வழி. நரிவெங்காயத்துக்குக் கெட்ட காலம் நம் வறட்சி. அது இலையில்லாமல் கிடந்து, கோடை வெயிலில் வெறுந்தண்டில் பூவை அனுப்பி, மழை வந்ததும் இலை விடுகிறது. புளூபெல்லுக்குக் கெட்ட காலம் கோடையின் நிழல். குளிரும் ஈரமும் அதற்கு நல்ல காலம். ஆகவே நாம் குளிர்காலத்தைத் தாங்கும் செடி என்று அதைப் புகழ்வது பொருந்தாது. அது தாங்கிக்கொள்வது, மற்றவர்கள் காத்திருக்கும் கோடையை.

மே இரண்டாம் வாரம், ஸ்கோமர் தீவு, வேல்ஸ்

மரநிழல் இந்தச் செடிக்கு இவ்வளவு முக்கியம் என்றால், மரமே இல்லாத ஸ்கோமர் தீவில் அது எப்படிப் பூக்கிறது? இந்தக் கேள்விக்காகவே லண்டனிலிருந்து மேற்கு வேல்ஸின் ஹேவர்ஃபோர்டுவெஸ்ட் வரை ஏறத்தாழ ஐந்து மணி நேர ரயில் பயணம். அங்கிருந்து மார்ட்டின்ஸ் ஹேவன் என்ற சிறு துறை, அங்கே படகு. முதல் நாள் வடக்குக் காற்று பலமாக இருந்ததால் படகு ஓடவில்லை; தீவின் இறங்குதுறை வடக்கே திறந்திருப்பதால் அந்தக் காற்றில் கரை சேர முடியாதாம். மறுநாள் போனோம். கால் மணி நேரம் கடல். பிறகு 87 படிகள். முழங்காலுக்கு அது நல்ல பயிற்சி.

ஏறி நின்றதும் கண்ட காட்சியை டாக்கி வுட்டோடு ஒப்பிட முடியாது. மேலே கூரை இல்லை. கடல்வரை சரிந்து இறங்கும் திறந்த நீலம். இடையிடையே கேம்பியன் என்ற இளஞ்சிவப்புப் பூ. பூக்களுக்கு நடுவில், மண்ணில் தோண்டிய வளைகளின் வாயில், செம்மஞ்சள் அலகோடு பஃபின் பறவைகள் நின்றுகொண்டிருந்தன. சமீப ஆண்டுகளின் கணக்கெடுப்பில் 40,000க்கும் மேற்பட்ட பஃபின்கள் எண்ணப்பட்டிருக்கின்றன. இரவில் மட்டும் கரைக்கு வரும் மேங்ஸ் ஷியர்வாட்டர் பறவைகள் லட்சக்கணக்கில் அதே மண்ணுக்குள் அடைகாக்கின்றன. பகலில் அவற்றைக் காண முடியாது.

விடை காலடியிலேயே இருந்தது. நீலத்தின் நடுவே, குழந்தையின் மடங்கிய விரல்கள் அளவில், பிராக்கன் பெரணியின் சுருண்ட முளைகள் மண்ணைவிட்டு எழும்பிக்கொண்டிருந்தன. ஜூனில் அவை இடுப்புயரம் வளர்ந்து சரிவு முழுவதையும் மூடிவிடும். மரம் செய்யும் வேலையை இங்கே பெரணி செய்கிறது: புளூபெல் தன் வேலையை முடிக்கும்வரை ஒதுங்கியிருந்து, பிறகு நிழல் விரித்து, புல் பெருகி அதை நெருக்கிவிடாதபடி செய்கிறது. கடற்காற்றின் ஈரம் மற்றதைப் பார்த்துக்கொள்கிறது. தீவில் முயல்கள் ஏராளம். புல்லை ஒட்ட மேய்கின்றன. நச்சுள்ள புளூபெல்லை விட்டுவிடுகின்றன. அதுவும் பூவுக்குச் சாதகமே.

அப்படியானால் புளூபெல் தொன்மையான காட்டின் அடையாளம் என்று புதன்கிழமை எழுதியது தவறாகுமா? ஆகாது, ஆனால் அதைத் தனியாக ஓர் அத்தாட்சியாகக் கொள்ளக் கூடாது என்பது இங்கே தெளிவாகிறது. ஸ்கோமர் முழுவதும் வரலாற்றுக்கு முந்தைய கால வயல் வரப்புகளின் கல்வரிசைகள் கிடக்கின்றன. வடமேற்கு இங்கிலாந்தில் லேக் டிஸ்ட்ரிக்ட் என்ற ஏரிகள் மாவட்டத்தின் ரான்னர்டேல் பள்ளத்தாக்கிலும் மரமில்லாத வெளியில் இந்தப் பூ இருக்கிறது. மேற்குக் கடலோரத்தின் ஈரக் காற்றில் அது வெளியே வரத் துணிகிறது. வறண்ட கிழக்கு இங்கிலாந்தில் அது காட்டை விட்டு வெளியே வருவதில்லை. ஆகவே அங்கே அதன் சாட்சியத்துக்கு மதிப்பு அதிகம்.

பாதையை விட்டு விலகக் கூடாது என்பது இங்கும் கண்டிப்பான விதி. காரணம் வேறு: தீவின் மேல்மண் வளைகளால் சல்லடையாகிக் கிடப்பதால், காலை வைத்தால் உள்ளே அடைகாக்கும் பறவையின் மேல் மண் சரிந்துவிடும். பறவைக்காகப் போட்ட விதியில் பூவும் பிழைத்துக்கொள்கிறது. நாள் ஒன்றுக்கு வருகிறவர்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு என்பதால் படகுக்கு முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். திங்கட்கிழமை தீவுக்கு விடுமுறை.

லண்டனில் பூ முடிந்துவிட்டது. வான்ஸ்டெட்டில் ஓக் இலைகள் மூடிக்கொண்டுவிட்டதாக அக்கா மகள் படம் அனுப்பியிருக்கிறாள். இந்த ஆண்டு இன்னும் பார்க்க விரும்புகிறவர்கள் வடக்கே போகலாம். ஸ்காட்லாந்தில் லோமண்ட் ஏரியின் நடுவிலுள்ள இன்ச்கெய்லக் தீவின் ஓக் காட்டில் மே மாதப் பிற்பகுதிவரை பூ இருக்கும். பால்மஹா கிராமத்திலிருந்து சிறு படகு போகிறது. எனக்கு விமானச்சீட்டு செவ்வாய்க்கிழமை.